ராத்திரியில் மாறிய சதவீதம்: தேர்தல் விஷயத்தில் யார் சொல்வதை நம்புவது?

8 நவம்பர் 2025, மாலை. கேள்வி: நீலகிரி, கட்டபெட்டு வாசகர்

2024 ஏப்ரல் 19, மக்களவைத் தேர்தல். சாயங்காலம் 7 மணிக்குத் தமிழ்நாட்டில் 72.09 சதவீதம் வாக்குப்பதிவு என்று தலைமைத் தேர்தல் அதிகாரி சொன்னார். நடுராத்திரியில் அது 69.46 ஆனது. அப்புறம் 69.72. மத்திய சென்னையில் 67க்கு மேல் என்று சொன்னது 54க்குப் பக்கத்தில் வந்து நின்றது. இப்போது நவம்பர் 4 முதல் அதே துறையினர் எஸ்.ஐ.ஆர்., அதாவது வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தப் படிவத்தோடு வீடு வீடாக வருகிறார்கள். எனக்கு வந்த படிவத்தை நான் இன்னும் தொடவில்லை. வாட்ஸ்அப்பில் வருவதை நம்பாதே என்கிறார்கள், சரி. இவர்கள் சொல்வதை மட்டும் எதற்காக நம்ப வேண்டும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

8 நவம்பர், இரவு 9.40. பதில்: ஓய்வு பெற்ற ஆசிரியை

முதலில் படிவத்தைப் பூர்த்தி செய்து கொடுங்கள். கொடுக்காதவர்கள் பெயர் வரைவுப் பட்டியலில் வராது. கோபத்தைப் படிவத்தின் மேல் காட்டினால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

அந்தச் சதவீதம் பிறக்கும் இடத்தில் நான் இருந்திருக்கிறேன். அரசுப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். 2019 ஏப்ரல் 18 அன்று கோத்தகிரிக்குக் கீழே ஒரு பள்ளிக்கூடத்தில் வாக்குச்சாவடித் தலைமை அலுவலர். காலை 7 மணிக்கு ஆரம்பம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கட்டுப்பாட்டுக் கருவியில் 'டோட்டல்' பொத்தானை அழுத்தி, வரும் எண்ணை மண்டல அலுவலருக்குச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்துக்குள் சிக்னல் கிடையாது. தேயிலைச் சரிவில் ஏறி ஒரு சில்வர் ஓக் மரத்தடிக்குப் போனால் ஒன்றிரண்டு கோடு வரும். நான் சாவடியை விட்டு நகர முடியாது என்பதால் கிராம உதவியாளரை அனுப்பினேன். அவர் எண்ணை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு போவார். 5 மணிக்கு 467 என்று எழுதிக்கொண்டு போனவர் மழையில் சொட்டச் சொட்டத் திரும்பி வந்தார். கையைப் பார்த்தால் நீல மை கரைந்து ரேகையெல்லாம் ஓடியிருக்கிறது. "என்னண்ணே சொன்னீங்க?" என்று கேட்டேன். "460க்கு மேலன்னு சொல்லிட்டேன் டீச்சர்" என்றார்.

6 மணிக்கு வரிசையில் நின்றவர்களுக்குக் கடைசி ஆளிலிருந்து ஆரம்பித்து டோக்கன் கொடுத்தோம். எல்லோரும் போட்டு முடித்தபின் 'குளோஸ்' அழுத்தினேன். மொத்தம் 498. அதைத்தான் சாவடியில் பதிவான வாக்குக் கணக்கை எழுதும் படிவம் 17சியில் எழுதி, கையெழுத்துப் போட்டு, கட்சி முகவர்களுக்கு நகல் கொடுத்தேன். அது மாறவே மாறாது. டிவியில் 7 மணிக்கு வருவது உள்ளங்கை எண். 17சி வேறு.

9 நவம்பர், காலை

"அப்படியானால் அதிகாரிகள் மேல் தப்பே இல்லையா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ராத்திரி எழுதியதைத் திரும்பப் படித்தேன். சனங்களுக்குத்தான் புரியவில்லை என்கிற தொனி அதில் இருக்கிறது. அது சரியில்லை.

முதலில் சொன்னது எல்லாச் சாவடிகளின் கணக்கும் அல்ல, கிடைத்த தகவலை வைத்துச் சொன்ன உத்தேசம் என்று பிறகு விளக்கம் வந்தது. நானும் அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உத்தேசத்தை 72.09 என்று இரண்டு தசமம் போட்டு யாராவது சொல்வார்களா? 'சுமார் 70, இன்னும் நிறையச் சாவடிகளிலிருந்து வரவேண்டியிருக்கிறது' என்று சொல்லியிருந்தால் ராத்திரி மாறியதை யாரும் கண்டுகொண்டிருக்க மாட்டார்கள். வகுப்பில் ஒரு பிள்ளை குச்சியை அளக்காமலே '14.25 செ.மீ.' என்று எழுதினால் நான் அந்த எண்ணைக் கோடு போட்டு அடித்துவிட்டு 'சுமார்' போடச் சொல்வேன்.

அப்புறம் தாமதம். முதல் கட்டத்தின் 102 தொகுதிகளுக்கும் சேர்த்து 66.14 சதவீதம் என்று தேர்தல் ஆணையம் வெளியிட்டது ஏப்ரல் 30 அன்று. வாக்குப்பதிவு முடிந்து 11 நாள். எத்தனை பேர் வாக்களித்தார்கள் என்கிற முழு எண்ணிக்கை வந்தது மே 25 அன்று. அந்த எண்கள் 19ஆம் தேதி ராத்திரியே ஒவ்வொரு சாவடியிலும் தாளில் எழுதிக் கையெழுத்தாகிவிட்டன. வைத்துக்கொண்டு இத்தனை நாள் சொல்லாமல் இருந்தால் சந்தேகம் வராமல் என்ன செய்யும்?

13 நவம்பர்

இன்று எங்கள் லைனுக்கு, அதாவது தோட்டக் குடியிருப்பு வரிசைக்கு, பி.எல்.ஓ. வந்தார். அங்கன்வாடியில் வேலை செய்யும் பொண்ணு, வாக்குச்சாவடி நிலை அலுவலர் வேலையும் அவர் தலையில்தான். காலையிலிருந்து மழை. படிவங்களைப் பாலித்தீன் பையில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். நாலு வீட்டில் கதவைத் திறக்கவே இல்லை.

எங்கள் பக்கம் பாதிப் பேர் 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து வந்த குடும்பங்கள். 1968ல் அரசுத் தேயிலைத் தோட்டம் தொடங்கியதே இவர்களைக் குடியமர்த்தத்தான். கடைசி வீட்டுப் பாட்டி ஒரு தகரப் பெட்டியைத் தூக்கிவந்து திண்ணையில் திறந்தார். பழைய பாஸ்போர்ட், குடும்ப அட்டை, கப்பலில் வந்த காலத்து ரசீது, எல்லாம் துணியில் கட்டி ஒரே நாப்தலின் வாசம். ஒவ்வொன்றாக எடுத்து அந்தப் பொண்ணு மடியில் வைத்துவிட்டுக் கேட்டார்: "ஏம் புள்ள, இதுல கைநாட்டு வெச்சா எங்கள மறுபடி எங்க அனுப்புவாங்க?"

படிவம் வந்தால் ஊர் மாற வேண்டிவரும், இதுதான் அந்த அம்மாவுக்கு வாழ்க்கை சொல்லிக்கொடுத்தது. அதை வதந்தி என்று சொல்லி ஒதுக்க எனக்கு மனசு வரவில்லை.

பி.எல்.ஓ. அவசரப்படவில்லை. "இப்ப எந்த ஆதாரமும் குடுக்க வேணாம் பாட்டி. பெட்டிய மூடி வைங்க. ரெண்டு படிவம் தர்றேன், ஒண்ண நான் எடுத்துக்குவேன், இன்னொண்ணுல கையெழுத்துப் போட்டு உங்ககிட்டயே குடுத்துருவேன்" என்றார். அந்த இரண்டாவது தாள்தான் பாட்டியை நம்ப வைத்தது. அதையும் துணியில் கட்டிப் பெட்டிக்குள் வைத்தார். பார்த்துக்கொண்டிருந்த மற்ற வீட்டுக் கதவுகளும் திறந்தன.

13 நவம்பர், பிற்பாடு

விட்டுப்போனது: யாராவது போன் செய்து எஸ்.ஐ.ஆருக்காக ஓ.டி.பி. கேட்டால் சொல்லாதீர்கள். படிவத்தைக் கையில் வாங்கிக் கையில் கொடுக்க ஓ.டி.பி. எதற்கு? சந்தேகம் இருந்தால் 1950க்குக் கூப்பிடுங்கள்.

22 நவம்பர்

பழைய பட்டியலில் பெயர் தேடும் வேலையைப் பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். தொகுதியைப் பொறுத்து 2002 அல்லது 2005 திருத்தப் பட்டியல். அதில் உங்கள் பெயரோ அப்பா அம்மா பெயரோ இருந்தால் அந்தப் பாகம் எண், வரிசை எண் எழுத வேண்டும்.

ஒரு நாள் முழுக்க நாலைந்து வீட்டுக்குத் தேடிக் கொடுத்தேன். 'பெருமாயி' என்பவர் 'பெரியமாயி' ஆகியிருக்கிறார். 'போஜன்' என்கிற படுகர் பெயர் 'போசன்' ஆகியிருக்கிறது. ஒரு வீட்டில் அப்பாவுக்கு மகளைவிட வயசு குறைவு. இணையதளம் அடிக்கடி நின்றுபோனது. ராத்திரி 11 மணிக்கு மேல் போனால் வேகமாக வருகிறது என்று பக்கத்து வீட்டுப் பையன் சொன்னான், அது உண்மைதான்.

எழுத்துப்பிழையை முன்னிட்டு யாரும் பயப்படாதீர்கள். ஆனால் இந்தப் பிழைகளைப் பார்த்த பிறகு, 'பட்டியல் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்' என்று என்னாலும் சொல்ல முடியவில்லை.

30 நவம்பர், காலை

கடைசித் தேதி டிசம்பர் 11 என்று ஒரு ஃபார்வர்டு சுற்றுகிறது. நம்ப வேண்டாம். டிசம்பர் 4தான். நான் இங்கே தெரிந்த எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.

30 நவம்பர், மாலை

காலையில் எழுதியது தவறு. தேர்தல் ஆணையம் இன்றுதான் தேதியை டிசம்பர் 11க்குத் தள்ளிவைத்திருக்கிறது. வரைவுப் பட்டியல் டிசம்பர் 16. காலைப் பதிவை நான் அழிக்கவில்லை, இருக்கட்டும்.

ஃபார்வர்டு முந்திக்கொண்டது, நான் பொய் என்றேன், அது மெய்யாகிவிட்டது. அடுத்த முறை நான் 'பொய்' என்றால் எங்கள் லைனில் யார் கேட்பார்கள்? மதியம் வீடு வீடாகப் போய், "நான் சொன்னது தப்பு, கூடுதலாக ஒரு வாரம் இருக்கிறது" என்று சொல்லிவிட்டு வந்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பாட்டி மட்டும், "நீயாவது வந்து சொன்னியே" என்றார். கட்டபெட்டுக்காரர் முதல் நாள் கேட்ட கேள்விக்கு நான் கொடுத்த நீளமான பதிலைவிட இது நல்ல பதில் என்று தோன்றுகிறது. 72.09 என்று சொன்ன அதே மேசையில், அதே கேமரா முன்னால் உட்கார்ந்து, 'நான் ஏழு மணிக்குச் சொன்னது தவறு, காரணம் இது' என்று அன்று ராத்திரியே சொல்லியிருக்கலாம்.

12 டிசம்பர்

மறுபடியும் தள்ளிவைத்திருக்கிறார்கள். தமிழ்நாட்டுக்கு 14 வரை, வரைவுப் பட்டியல் 19 அன்று. இந்த முறை ஆணையத்தின் அறிவிப்பைப் பார்த்த பிறகே எழுதுகிறேன். அவகாசம் கொடுத்தது நல்லது. பி.எல்.ஓ. பொண்ணுக்கு இதை யார் முதலில் சொன்னார்கள் தெரியுமா? நான்தான். அவருக்கே தொலைக்காட்சி பார்த்துத்தான் தெரிய வேண்டும் என்றால், அவரிடம் கேட்க வருபவர்கள் அவரை எப்படி நம்புவார்கள்?

20 டிசம்பர்

பட்டியல் வந்துவிட்டது. 6.41 கோடிப் பேர் இருந்த இடத்தில் 5.43 கோடி. 97.37 லட்சம் பெயர்கள் இல்லை. அதில் 26.94 லட்சம் இறந்தவர்கள், 66.44 லட்சம் முகவரியில் இல்லாதவர்கள் அல்லது இடம்பெயர்ந்தவர்கள் என்று கணக்கு.

என் சின்னம்மா அந்த இரண்டாவது கணக்கில். வயசு 71. கண்புரை ஆபரேஷனுக்காக நவம்பரில் கோயம்புத்தூரில் மகள் வீட்டில் இருந்தார். அவர் இருப்பது வேறு பாகம், அங்கே வேறு பி.எல்.ஓ. வீடு பூட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு 'நிரந்தரமாக இடம்பெயர்ந்தவர்' என்று குறித்திருக்கிறார்கள். மூன்று முறையாவது வந்து பார்க்க வேண்டும் என்பது விதி. பக்கத்து வீட்டார் ஒரு தடவைதான் பார்த்தார்களாம். 50 வருஷம் பச்சைத் தேயிலை பறித்த மனுஷியை ஒரே கோட்டில் ஊரைவிட்டு அனுப்பிவிட்டார்கள். கை நடுங்குகிறது, நாளை எழுதுகிறேன்.

21 டிசம்பர்

நேற்றைய கோபம் குறையவில்லை. ஆனால் ஒரு பக்கத்தை மட்டும் சொல்லக்கூடாது.

என் கணவர் 2017ல் தவறினார். 2019லும் 2024லும் பட்டியலில் அவர் பெயர் என் பெயருக்கு மேலேயே இருந்தது, போட்டோவோடு. இறப்புச் சான்றிதழ் நகலோடு ஒரு முறை எழுதிக் கொடுத்தும் போகவில்லை. இந்த முறைதான் நீங்கியிருக்கிறது. வரைவுப் பட்டியலில் என் பெயர் தனியாக நின்றதைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். சரியான திருத்தம். சரியாக இருப்பதாலேயே வலிக்காமல் போய்விடாது.

ஆக, 97 லட்சமும் அநியாயம் என்று சுற்றும் பதிவுகளை நான் பகிர மாட்டேன். எல்லாம் சரியாக நடந்தது என்பதையும் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒரே குடும்பத்தில் இரண்டும் நடந்திருக்கிறது. நீக்கப்பட்டவர்கள் பட்டியல் காரணத்தோடு சாவடிவாரியாக வெளியாகியிருக்கிறது. அதை வெளியிட்டதால்தான் சின்னம்மாவுக்கு என்ன எழுதினார்கள் என்று எனக்குத் தெரிந்தது. இது நல்ல காரியம், மனசாரச் சொல்கிறேன்.

28 டிசம்பர்

நேற்றுச் சிறப்பு முகாமில் சின்னம்மாவுக்குப் பெயர் சேர்க்கும் படிவம் 6, உறுதிமொழிப் படிவம் இரண்டும் கொடுத்தோம். ஒப்புகைச் சீட்டு வாங்கினோம்.

முகாம் வரிசையில் நின்ற ஒரு தம்பி, "எதுக்குங்க கஷ்டப்படுறீங்க? பேர் இல்லாட்டியும் ஆதாரைக் காட்டி 'சேலஞ்ச் ஓட்டு' கேட்டா குடுத்தே ஆகணும். 14 சதவீதத்துக்கு மேல டெண்டர் ஓட்டு விழுந்தா மறுதேர்தல்" என்றார். இந்த ஃபார்வர்டு ஒவ்வொரு தேர்தலுக்கும் உயிர்த்தெழுகிறது. பெயர் பட்டியலில் இல்லையென்றால் எந்த அட்டையைக் காட்டினாலும் வாக்கு கிடையாது. அந்த 14 சதவீதமும் கட்டுக்கதை.

சேலஞ்ச் என்பது வேறு. வந்திருப்பவர் அந்த ஆள் அல்ல என்று ஒரு முகவர் சந்தேகப்பட்டால், 2 ரூபாய் கட்டி ஆட்சேபிக்கலாம். தலைமை அலுவலர் விசாரித்து முடிவு சொல்வார். என் பணிக்காலத்தில் ஒரே ஒரு முறை அந்த 2 ரூபாய் வாங்கினேன். அக்கா வாக்குக்குத் தங்கை வந்துவிட்டாள் என்றார்கள். ஊர்ப் பெரியவரைக் கூப்பிட்டுக் கேட்டால், அக்காவேதான், முடி வெட்டியிருக்கிறாள். வரிசையே சிரித்தது, அந்தப் பெண்ணும் சிரித்துவிட்டாள். டெண்டர் வாக்கு, அதாவது விதி 49P, உங்கள் பெயரில் வேறு யாரோ போட்டுவிட்டுப் போயிருந்தால் காகித வாக்குச்சீட்டில் போடுவது. அதைத் தனி உறையில் வைப்பார்கள். வழக்கமான எண்ணிக்கையில் சேர்க்க மாட்டார்கள்.

தம்பி கேட்டார்: "இது தப்புன்னு ஏன் யாரும் சொல்லல?" சொல்லியிருக்கிறார்கள், பல முறை. ஆனால் ஃபார்வர்டு அவர் மாமாவிடமிருந்து வந்தது, மறுப்பு சென்னையிலிருந்து வந்தது.

4 ஜனவரி 2026

"ஊட்டி கேமரா கதையை ஏன் பேச மாட்டேன் என்கிறீர்கள்?" என்று குன்னூரிலிருந்து ஒருவர். பேசுகிறேன்.

2024 ஏப்ரல் 27. ஊட்டி அரசு பாலிடெக்னிக்கில் வாக்கு இயந்திரங்கள் வைத்திருந்த அறைகளின் சிசிடிவி காட்சிகள் சுமார் 20 நிமிஷம் திரையில் தெரியாமல் போயின. அதிக வெப்பத்தால் கோளாறு என்று மாவட்ட நிர்வாகம் சொன்னது. ஊட்டியில் வெப்பமா என்று தமிழ்நாடே கேட்டது. அந்த ஏப்ரல் கடைசியில் ஊட்டியில் 29 டிகிரி வரை போனது நிஜம். எங்கள் வீட்டிலேயே முதல் முறையாக மின்விசிறி வாங்கலாமா என்று பேசினோம். விளக்கம் பொய்யாக இருக்க வேண்டியதில்லை.

ஆனால் நீலகிரித் தொகுதி என்பது இந்த மலை மட்டுமல்ல. ஊட்டி, குன்னூர், கூடலூரோடு மேட்டுப்பாளையம், அவினாசி, பவானிசாகரும் சேர்ந்தது. ஜூன் 4 வரை கிட்டத்தட்ட ஏழு வாரம் அந்தப் பெட்டிகள் அந்தக் கதவுக்குப் பின்னால். அவினாசியில் நெசவு செய்பவருக்கு ஊட்டி வெயில் எப்படித் தெரியும்? அவருக்கு அந்தத் திரை மட்டும்தான். அதனால்தான் 20 நிமிஷம் பெரிசானது. கதவின் முத்திரைகள் அப்படியே இருக்கின்றன என்பதை எல்லாக் கட்சிக்காரர்களையும் அழைத்துக் காட்டுவதுதான் இதற்கு மருந்து, அறிக்கை அல்ல.

11 ஜனவரி

ஹெத்தையம்மன் பண்டிகைக்கு ஊருக்கு வந்த பிள்ளைகள் நாலைந்து பேர் என்னிடம் படிவம் 6 பற்றிக் கேட்டார்கள். அவர்களோடு பேசிக்கொண்டே கீழே டீக்கடை வரைக்கும் போனேன். கடைக்காரர் 2019ல் என் சாவடியில் ஒரு கட்சிக்கு முகவராக உட்கார்ந்தவர். அன்று 17சி நகல் வேண்டாம் என்றவர். "எதுக்கு டீச்சர், டிவில சொல்லப் போறாங்க" என்று எழுந்து போகப் பார்த்தவரை நிறுத்திக் கையில் திணித்தேன்.

இங்கே நடக்கும் இந்தக் கேள்வி பதிலைப் பற்றிச் சொன்னேன். ஒன்றும் பேசாமல் உள்ளே போய்ப் பழைய கடன் நோட்டு ஒன்றை எடுத்துவந்தார். அதன் நடுவில் அந்தத் தாள். மடிப்பில் கிழிந்து, ஒரு மூலையில் டீ கிளாஸ் வட்டம். 498. கீழே என் கையெழுத்து, ரொம்பக் களைத்துப்போன கையெழுத்து. எண்ணி முடித்த பிறகு அவர் மகன் இணையத்தில் சாவடிவாரி முடிவான படிவம் 20ஐ எடுத்து, எங்கள் சாவடி வரிசையைக் கூட்டிப் பார்த்தானாம். 498 வந்ததாம். "எங்க ஆளு தோத்துட்டாரு. ஆனா கணக்கு சரி டீச்சர்" என்றார்.

கட்டபெட்டுக்காரரே, உங்கள் பக்கத்துச் சாவடி முகவர் யார் என்று கேட்டு, வரும் தேர்தலில் அந்த நகலை வாங்கி வைக்கச் சொல்லுங்கள். எந்தக் கட்சியானாலும் பரவாயில்லை. இந்தத் தாள்களையெல்லாம் வாக்குப்பதிவு முடிந்து 48 மணி நேரத்துக்குள் ஆணையம் இணையத்தில் போட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் வரை கேட்டிருக்கிறார்கள். 2024 மே மாதம் நீதிமன்றம் தேர்தல் நடுவே உத்தரவு போட மறுத்துவிட்டது. நான் கேட்பவர்கள் பக்கம்தான். எழுதியவள் என்கிற முறையில் சொல்கிறேன், அதில் மறைக்க ஒன்றும் இல்லை.

13 ஜனவரி

சின்னம்மா ஒப்புகைச் சீட்டைச் சமையலறைக் காலண்டருக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறார். கண் இப்போது நன்றாகத் தெரிவதால் எண்ணை அவரே படிக்கிறார், நான் போனில் அடிக்கிறேன். இன்று காலையும் போட்டுப் பார்த்தோம். பரிசீலனையில் இருக்கிறது என்று வந்தது. "யாருகிட்ட இருக்குன்னு போட்டிருக்கா?" என்று கேட்டார். இல்லை என்றேன். சரி, நாளைக்கும் பாரு என்று சொல்லிவிட்டு, சீட்டை வாங்கி அதே இடத்தில் செருகினார்.